ஜெர்மனியில் முதல் மூன்று மாதம்: கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியவை

கோயம்புத்தூரிலிருந்து ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை அனுமதி) மியூனிக் வரப்போகும் தம்பி ஒருவர் வரிசையாகக் கேட்டிருக்கிறார். வேலைப்பளு எப்படி, குளிரை உடம்பு தாங்குமா, அரசியல் நிலவரம் பயப்படும்படி இருக்கிறதா, நம்மூர் அரிசி கிடைக்குமா, போன் எந்தக் கம்பெனி. வாலில் ஒரு வரி: "தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்தால் மாதாமாதம் நிறைய மிச்சம் என்கிறார் ஒரு ஏஜென்ட். மனைவியும் குழந்தையும் ஆறு மாதத்தில் வருவார்கள்."

அரிசியும் முருங்கைக்காயும் கிடைக்கும், விடுங்கள். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2026இல் ஆண்டுச் சம்பளம் 77,400 யூரோவைத் தாண்டினால்தான் வேலையில் இருப்பவர் தனியார் காப்பீட்டுக்குப் போக முடியும். பொதுக் காப்பீட்டில் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதன்மேல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் ஒரு கூடுதல் கட்டணம். இரண்டிலும் பாதியை முதலாளி கட்டுவார். கட்டணம் கணக்கிடும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; அதில் இருப்பவரின் பங்கு மாதம் சுமார் ஐநூறு யூரோ. நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தனி. ஏஜென்ட் இந்த ஐநூறைக் காட்டி, "உங்கள் வயதுக்கு இங்கே முந்நூறுதான்" என்பார். அந்த முந்நூறு உங்கள் ஒருவருக்கு மட்டும். பொதுக் காப்பீட்டில் வருமானமில்லாத மனைவியும் குழந்தையும் ஒரு காசு கூடுதலாகக் கட்டாமல் சேர்ந்துகொள்வார்கள். தனியாரில் தலைக்குத் தலை பிரீமியம். வயது ஏற ஏற அதுவும் ஏறும், சம்பளம் குறைந்தாலும் இறங்காது. ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு பொதுக் காப்பீட்டுக்குத் திரும்பும் கதவு கிட்டத்தட்ட அடைத்துவிடும். சேர்த்துவிடுகிறவருக்குப் பல மாதப் பிரீமியத்துக்கு ஈடான கமிஷன் போகிறது. அவர் தமிழில் பேசுகிறார் என்பதற்காக அந்தக் கணக்கு மாறாது.

விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்விகள் பக்கம் பக்கமாக இருக்கும். தைராய்டு மாத்திரை, பழைய முதுகுவலி, ஊரில் ஒருமுறை பார்த்த மனநல மருத்துவர், எதையும் விடக்கூடாது. "இதெல்லாம் எழுத வேண்டாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய செலவு வரும்போதுதான் கம்பெனி பழைய கோப்பைத் தோண்டும். மறைத்தது தெரிந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய அதற்கு உரிமை உண்டு.

சம்பளம் வரம்புக்கு மேல் இருந்தாலும், ஜெர்மனியில் முதல் வேலை என்றால் பொதுக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். வேலையில் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். வந்த வாரத்திலேயே செய்யுங்கள். தனி ஆள், நல்ல சம்பளம், ஐந்து வருடத்தில் ஊர் திரும்புவது உறுதி என்பவருக்குத் தனியார் சரிப்படலாம். குடும்பஸ்தருக்கு வேண்டாம்.

அடுத்தது வேலை. பளு பெரிதாக இல்லை. ஆனால் தகுதிகாண் காலமான ஆறு மாதத்தில் இரண்டு வார அவகாசத்தில் அனுப்பிவிடலாம். அதன்பின் பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் காரணமின்றி நீக்க முடியாது. அதனால்தான் ஆள் குறைக்க நினைக்கும் நிறுவனம் ஓர் அறைக்குக் கூப்பிட்டு, "இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவோம்" என்று ஒரு தாளை நீட்டும். தலைப்பில் 'அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்' என்று இருக்கும். நம் பிள்ளைகள் மேலதிகாரி முகத்துக்காக அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போட்டால் திரும்பப் பெறும் உரிமை இல்லை. நீங்களே வேலையை விட்டதாகக் கருதி, வேலையில்லா உதவித்தொகையைப் பன்னிரண்டு வாரம் வரை நிறுத்திவைப்பார்கள். "வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். யாரும் தடுக்க முடியாது.

பணிநீக்கக் கடிதம் பேனாவால் கையெழுத்திட்ட காகிதமாக இருக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் செல்லாது. கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடாவிட்டால், அநியாயமான நீக்கமும் சரியென்று ஆகிவிடும். வேலை முடிவதை இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். சட்டச்செலவுக் காப்பீடு எடுப்பதானால் பிரச்சினை வருமுன் எடுங்கள்; வேலை சம்பந்தமான வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று மாதக் காத்திருப்பு உண்டு.

தொழில்நுட்பத்தில் ஒரே எச்சரிக்கை: டாரண்டில் தமிழ்ப்படம் இறக்காதீர்கள். டாரண்ட் இறக்கும்போதே மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்கிறது. பதிப்புரிமைக்காரர்கள் உங்கள் ஐபி முகவரியைப் பிடித்து, வக்கீல் மூலம் 'அப்மானுங்' என்ற எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள். பல நூறு யூரோ கேட்டு வரும், கூடவே "இனிச் செய்யமாட்டேன்" என்று ஓர் உறுதிமொழித் தாளும். பணத்தைவிட அந்தத் தாள் ஆபத்து. அது பல்லாண்டுகள் கட்டுப்படுத்தும். மீறினால் அபராதம் தனி. குப்பையில் போடவும் கூடாது, அப்படியே கையெழுத்துப் போடவும் கூடாது. கெடு தேதிக்குள் நுகர்வோர் ஆலோசனை மையத்திலோ வக்கீலிடமோ காட்டி, வாசகத்தைத் திருத்தி அனுப்புங்கள். இணைப்பு யார் பெயரிலோ அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள், விருந்தாளி இறக்கியிருந்தாலும்.

வீட்டுச் சாவி வாங்கும்போது ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒவ்வொரு கீறலும் ஏறவேண்டும். முக்கியமாகச் சன்னல் ஓரத்தையும் குளியலறை மூலையையும் போட்டோ எடுங்கள். இங்கே முன்பணம் போவது பூஞ்சையால்தான். குக்கர் ஆவியும் வீட்டுக்குள் காயும் துணியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். நம்மவர்கள் சன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைக்கிறார்கள். சுவர் இன்னும் குளிர்ந்து பூஞ்சைக்கு வசதியாகிறது. ஹீட்டரைக் குறைத்துவிட்டு, எதிரெதிர்ச் சன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. ஈரப்பதமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும். அறுபது சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள்.

குளிரை ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும். வெயில் இல்லாததுதான் உடம்பை வாட்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்குள்ள வெயிலில் வைட்டமின் டி போதிய அளவு உண்டாகாது, நம் நிறத்துக்கு இன்னும் கஷ்டம். ஒரு நாளைக்கு 800 யூனிட் மாத்திரை பொதுவாகப் போதும். சோர்வும் எலும்பு வலியும் நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

அரசியல் பற்றிய பயம் புதிதில்லை. 2000இல் வெளிநாட்டு ஐடி ஆட்களை அழைக்கும் பச்சை அட்டைத் திட்டம் வந்தபோது, "இந்தியர்களுக்குப் பதில் நம் குழந்தைகள்" என்ற கோஷம் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ரூட்கர்ஸ் என்ற தலைவரின் தேர்தல் பிரச்சாரத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் 2005இல் அதே மாநிலத்தின் முதலமைச்சரும் ஆனார். அன்றைய அனுமதிக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், அதற்கப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தலைமுறை மொழி கற்றுத்தான் தங்கியது. இன்று ஜெர்மன் மொழியில் பி1 (நடுத்தர நிலை) தேர்ச்சி இருந்தால் ப்ளூ கார்டுக்காரருக்கு 21 மாதத்தில் நிரந்தர அனுமதி, ஏ1 (தொடக்க நிலை) மட்டும் என்றால் 27. ஆபீஸில் ஆங்கிலம் போதும் என்று ஐந்து வருடம் ஓட்டுபவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எண்பதுகளில் அகதியாக வந்த ஈழத்தமிழர்கள் இதைவிடக் கடினமான காலத்தைத் தாண்டினார்கள். வேலை செய்யத் தடை, மாவட்ட எல்லை தாண்டத் தடை. உணவக அடுக்களைகளில் நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கோபுரம் எழுப்பிக் குடமுழுக்கும் செய்தார்கள். இன்றைக்குப் பல ஊர்களில் நமக்கு முருங்கைக்காய் கிடைப்பது அவர்கள் திறந்த கடைகளால்தான். அந்தக் கடையில் ஆங்கிலத்தில் பேசும் ஐடி பிள்ளைகளை எனக்குப் பிடிப்பதில்லை. தமிழில் பேசுங்கள், அண்ணா அக்கா என்று கூப்பிடுங்கள்.

வாக்கு இல்லையே என்று கவலை வேண்டாம். நிறுவனத்தில் பணியாளர் குழு இருந்தால் அதன் தேர்தலில் குடியுரிமை பார்க்காமல் வாக்கு உண்டு. ஆறு மாதம் வேலை செய்திருந்தால் நிற்கவும் செய்யலாம். பணிநீக்கத்துக்கு முன் நிர்வாகம் அந்தக் குழுவைக் கேட்டே ஆகவேண்டும்.

போன்: முதல் வருடம் ப்ரீபெய்டு. இரண்டு வருட ஒப்பந்தம் எதிலும் இப்போது மாட்டாதீர்கள்.