நாளைக்கு ஒரு க்யூவைத் தவறவிடுங்கள்

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது, சைகை மொழிதான் என் மொழி. இப்போது ஒரு நாடகத்தில் மூத்த மகளாக நடிக்கிறேன். குழுவில் மற்ற எட்டுப் பேருக்கும் காது கேட்கும். சைகை மொழிபெயர்ப்பாளர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாள்களில் உதட்டைப் பார்த்தும், எல்லார் வசனத்தையும் மனப்பாடம் செய்து மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணியும் சமாளிக்கிறேன். இதுவரை ஒரு க்யூகூட (நான் பேசவோ அசையவோ வேண்டிய தருணத்தைக் காட்டும் குறிப்பு) தவறியதில்லை. ஆனால் போன வாரம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், என்ன என்று கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்றார் அப்பாவாக நடிப்பவர். அந்த அப்புறம் வரவே இல்லை. வீட்டுக்கு வந்தால் கண் எரிகிறது, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அரங்கேற்றத்துக்கு இன்னும் ஐந்து வாரம். விலகிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு விலக வேண்டாம். ஆனால் முதலில் உங்களோடு ஒரு சின்னச் சண்டை போட வேண்டும். "ஒரு க்யூகூடத் தவறியதில்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒன்பது பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை நீங்கள் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு, அது கனக்கிறது என்பதையும் யாருக்கும் காட்டாமல் நடக்கிறீர்கள். எதிரே உட்கார்ந்து பார்க்கிற இயக்குநருக்கு என்ன தெரியும்? "பரவாயில்லையே, இந்தப் பெண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் போகிறது" என்று அவர் நிம்மதியாக இருப்பார்.

எனக்கும் காது கேட்காது, நானும் மேடைக்காரிதான், அதனால் இந்த எண்ணுகிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். என் முதல் நாடகத்தில் எனக்குப் பின்னால் நின்று ஒருவர் ஒரு கேள்வி கேட்பார், நான் திரும்பிப் பதில் சொல்ல வேண்டும். ஒத்திகை முழுக்க ஏழு எண்ணித் திரும்பினேன், அச்சாகப் பொருந்தியது. முதல் காட்சியன்று பார்வையாளர்கள் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று அவர் காத்திருக்க, நான் ஏழு எண்ணி முடித்துத் திரும்பி, கேட்காத கேள்விக்கு உணர்ச்சி பொங்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஒத்திகையில் பார்வையாளர்கள் கிடையாது, அதனால்தான் எண்ணிக்கை அங்கே வேலை செய்கிறது. சிரிப்பும் கைதட்டலும் வந்த நிமிடம் அது போச்சு.

ஆகவே க்யூ உங்கள் மண்டைக்குள் இருக்கக் கூடாது, மேடையில் இருக்க வேண்டும். அப்பா உங்கள் பின்னால் நின்று பேசுகிறார் என்றால், பேசி முடிக்கும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் கையை வைக்கட்டும். மரம் அதிரும், உங்களுக்குத் தெரியும், பார்ப்பவர்களுக்கோ அது அப்பாவின் இயல்பான அசைவு. எதிரில் இருக்கிற தங்கை சரியாக அந்தச் சொல்லில் நிமிர்ந்து பார்க்கலாம். வெளிச்சம் ஒரு படி மாறலாம். பலகைத் தரை என்றால் காலால் ஒரு தட்டுப் போதும் (சிமென்ட் தரையில் இது நடக்காது, நான் முயற்சி செய்து ஏமாந்திருக்கிறேன்). இதையெல்லாம் கடைசி வாரத்தில் ஒட்டுப்போட முடியாது, யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று முடிவு செய்யும்போதே சேர்த்துவிட வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் இருக்கிறது, தாராளம்.

"எங்களுக்கு இது புதுசும்மா" என்பார்கள். அவர்களுக்குப் புதுசாக இருக்கலாம், நாடகத்துக்கு இல்லை. அமெரிக்காவில் 1967இலேயே காது கேளாதோருக்கென்று ஒரு தேசிய நாடகக் குழு தொடங்கிவிட்டார்கள். அதில் இருந்து வந்த ஃபிலிஸ் ஃப்ரெலிக் 1980இல் சிறந்த நடிகைக்கான டோனி விருதையே (அமெரிக்க நாடக உலகின் பெரிய விருது) வாங்கினார். 2015இல் டெஃப் வெஸ்ட் என்ற காது கேளாதோர் நாடகக் குழு, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் முழு இசை நாடகம் ஒன்றைப் போட்டது. காது கேளாத நடிகர்கள் சைகையில் நடிக்க, காது கேட்பவர்கள் அவர்களுக்குக் குரலாக நின்று பாடினார்கள். இசை கேட்காதவர்கள் தாளம் பிசகாமல் கையசைத்தது எப்படி? தொடுகையையும் பார்வையையும் வெளிச்சத்தையும் க்யூவாக ஒத்திகையிலேயே கோத்து வைத்ததால்தான். உங்கள் குழுவிடம் நீங்கள் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

உதட்டைப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. "உதட்டைப் பார்த்தாலே புரிஞ்சுடுமே" என்று சொல்கிறவரிடம், கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் "பாடு" என்றும் "மாடு" என்றும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "படம்", "மடம்" என்றும் சொல்லட்டும். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். மிச்சத்தை நாம் ஊகித்து நிரப்புகிறோம், மூன்று மணி நேரம் ஊகித்தால் கண் எரியாமல் என்ன செய்யும்?

மொழிபெயர்ப்பாளரை எல்லா நாளும் கேளுங்கள். பணமில்லை என்று பதில் வந்தால், புதுக் காட்சி அமைக்கிற நாளும், முழு நாடகத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு இயக்குநர் திருத்தம் சொல்கிற நாளும் கட்டாயம் என்று சொல்லுங்கள். அந்தத் திருத்தங்களை மறுநாள் யாரோ இரண்டு வரியில் எழுதிக் கொடுப்பது உங்களுக்கு உதவாது, மற்றவர்கள் அங்கேயே எதிர்க்கேள்வி கேட்டுத் தெளிந்திருப்பார்கள். நீண்ட ஒத்திகைக்கு இரண்டு பேர் மாறி மாறிச் செய்வதுதான் முறை, ஒருவரே மணிக்கணக்கில் செய்தால் கையும் மூளையும் களைத்துப்போய் விஷயம் பாதிதான் வந்து சேரும். ஸ்கிரிப்ட் அவர்கள் கைக்கு முன்கூட்டியே போக வேண்டும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். நாளைக்கு ஒத்திகைக்கு முன் மேடை நிர்வாகியிடமும் இயக்குநரிடமும் சொல்லிவிடுங்கள்: "இன்று நான் எண்ணப்போவதில்லை. எனக்குத் தெரிவதற்கு மட்டும் நடிக்கிறேன்." பிறகு அப்படியே செய்யுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வசனம் முடியும், நீங்கள் அசைய மாட்டீர்கள், எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்த இடத்தை ஸ்கிரிப்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்படி எத்தனை இடம் சேருகிறதோ அத்தனைக்கும் க்யூ வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, தவறுவதற்குத்தானே ஒத்திகை.

இவ்வளவுக்கும் பிறகு "நீங்களே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றுதான் பதில் வருகிறதென்றால் கிளம்பிவிடுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் அப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. சக நடிகர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை, சோம்பேறிகள். நகைச்சுவையைத் திருப்பிச் சொன்னால் சப்பென்று ஆகிவிடும் என்று தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான். "சப்பென்று இருந்தாலும் பரவாயில்லை, இப்பவே சொல்லுங்க" என்று போனை நீட்டுங்கள், தட்டச்சு செய்து காட்டட்டும். ஒத்திகை தொடங்குமுன் தினமும் பத்து நிமிடம் சைகை சொல்லிக்கொடுங்கள். மிகச் சின்ன வேடத்தில் இருப்பவர்தான் முதலில் கற்றுக்கொள்வார், ஏன் என்று தெரியாது, நான் பார்த்த குழுக்களில் அப்படித்தான்.

அப்புறம், போன வாரம் எதற்கு அப்படிச் சிரித்தார்கள் என்று அந்த அப்பாவிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.