ஸ்க்ரைப், கூடுதல் நேரம், வாசிக்க முடிகிற பாடக்குறிப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

எனக்குப் பார்வை கிடையாது. அரசு கலைக் கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன், அங்கே சம வாய்ப்பு மையமும் என் பொறுப்புதான். செமஸ்டர் நெருங்குவதால் வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

மேடம், பி.ஏ. முதலாண்டு, முழுப் பார்வையின்மை. பிளஸ் டூவில் ஸ்க்ரைபை, அதாவது நான் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவரை, அவர்களே கொடுத்தார்கள். இங்கே துறைத்தலைவர் "நீயே யாரையாவது கூட்டிட்டு வா" என்கிறார்.

துறைத்தலைவர் தங்கமானவராகவே இருக்கலாம், ஆனால் இது அவர் முடிவு செய்கிற விஷயம் இல்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர் உங்கள் வளாகத்திலேயே இருப்பார், இல்லையென்றால் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் போதும்: பதிவு எண், யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல், ஸ்க்ரைப், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் (மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம்), சத்தமாகச் சொல்லித்தானே எழுத வைக்கப் போகிறீர்கள், அதனால் தனி அறை. மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஆணை கேளுங்கள், ஒவ்வொரு செமஸ்டரும் அலைய வேண்டாம். முக்கியமாக, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "பாத்துக்கலாம்மா" என்று யாரோ சொன்னது தேர்வன்று காலையில் அறைக் கண்காணிப்பாளருக்குத் தெரியாது.

ஸ்க்ரைப் விஷயத்தில், 2018 மத்திய அரசு வழிகாட்டுதல் நீங்களே அழைத்து வரலாம் அல்லது தேர்வு நடத்துபவரிடம் கேட்கலாம் என்றது. நீங்கள் அழைத்து வருபவர் படிப்பில் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த விதி மாறிக்கொண்டே வருகிறது, அதனால் உங்கள் தேர்வு அறிவிப்பில் என்ன போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். யார் வந்தாலும் முன்னாடியே ஒரு பழைய வினாத்தாளை வைத்து உட்கார்ந்து பழகுங்கள். ஆண்டு, பெயர், பத்தி பிரிப்பு எல்லாம் சொல்லி எழுத வைப்பது தனித் திறமை, தேர்வறையில் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. நவம்பரிலும் ஏப்ரலிலும் பாதிப் பேருக்கு அவரவர் தேர்வு இருக்கும், எனவே மாற்று ஆள் ஒருவரையும் சொல்லி வையுங்கள்.

மகனுக்கு டிஸ்லெக்சியா, வாசிப்பதில் எழுதுவதில் சிரமப்படுகிற கற்றல் குறைபாடு. பள்ளியில் கூடுதல் நேரம் கிடைத்தது. இன்ஜினியரிங் கல்லூரியில் "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள், மேடம்.

அவர்கள் இன்னும் 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இருக்கிறார்கள் போல. அதில் ஏழு வகைக் குறைபாடுதான். 2016 சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அது 21 ஆனது, கற்றல் குறைபாடும் அதில் உண்டு. சான்றிதழின் தேதியைப் பாருங்கள் அம்மா, 14 வயதில் வாங்கியது என்றால் 18-இல் மறுமதிப்பீடு செய்திருக்க வேண்டும். அதற்காகத்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவு நாற்பது சதவீதத்துக்குக் கீழே வந்தாலும் பயப்பட வேண்டாம். குடிமைப் பணித் தேர்வு எழுதிய விகாஷ் குமாருக்கு எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பிரச்சினை. நாற்பது இல்லை என்பதற்காக ஸ்க்ரைபை மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு அதற்கென்றே தனி வழிகாட்டுதலும் வந்தது. எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அரசு மருத்துவக் குழு சான்று தர வேண்டும், தனியார் உளவியலாளர் அறிக்கை மட்டும் போதாது.

செவித்திறன் குறைவு. எழுத்துத் தேர்வில் பிரச்சினை இல்லை, வைவாவை (வாய்மொழித் தேர்வை) நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

கேள்விகளை எழுதியோ தட்டச்சு செய்தோ காட்டச் சொல்லிக் கேளுங்கள், சைகை மொழி தெரியும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு அன்று காலையில் இதைச் சொன்னால் எரிச்சல்தான் வரும், முந்தின வாரமே கடிதம் போயிருக்க வேண்டும். ஸ்க்ரைப் வேண்டாம் என்றாலும் கூடுதல் நேரம் கேட்கலாம், அதை விட்டுவிடாதீர்கள்.

நான் விரிவுரையாளர். பார்வையற்ற மாணவிக்குப் பிடிஎஃப் எல்லாம் அனுப்பிவிட்டேன், "படிக்க முடியலை மேடம்" என்கிறாள். என்ன செய்வது?

இப்படிக் கேட்டதற்கே நன்றி. உங்கள் குறிப்பு பாமினி எழுத்துருவில் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லை, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று வாசிக்கும். அவள் ஒரு பக்கம் கேட்டுப் பார்த்துவிட்டு மூடியிருப்பாள். யூனிகோடுக்கு மாற்றி வேர்டு கோப்பாகக் கொடுங்கள், மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கம் என்றால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும், பிழை வரும், ஒருமுறை திருத்த வேண்டும். வரைபடம், அட்டவணைக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். அவளிடம் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருந்தால் போதும், காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை.

பதிப்புரிமையை நினைத்துத் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளி மாணவருக்காக ஒரு நூலை அவர் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அனுமதிக்கிறது. பார்வையற்றோர் வாசிக்கக்கூடிய நூல்களுக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவிலும் அவளை உறுப்பினராக்குங்கள், ஆனால் தமிழ்வழிப் பாடநூல் எல்லாம் அங்கே கிடைத்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

வீல்சேர். ஹால் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை. நண்பர்கள் தூக்கிப் போகிறோம் என்கிறார்கள்.

வேண்டாம். தரைத்தள அறை கேளுங்கள், தம்பி. கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருக்கிறேன், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. இதற்கு வழி உண்டா அக்கா?

மனநோயும் 2016 சட்டத்தின் 21 வகைக்குள் வருகிறது, ஆனால் உண்மையைச் சொன்னால் வருகைப்பதிவில்தான் கல்லூரிகள் சீக்கிரம் இறங்கி வருவதில்லை. பட்டியல் ஒட்டும் வரை காத்திருக்காமல், மருத்துவரின் கடிதத்தோடு இப்போதே முதல்வரிடம் விலக்கு கேளுங்கள். நோயின் பெயரை வகுப்பாசிரியர் எல்லோரிடமும் விளக்க வேண்டியதில்லை, ஆணை வந்துவிட்டால் அதைக் காட்டினால் போதும்.

கடிதம் கொடுத்து மாதக்கணக்கில் பதில் இல்லை. தேர்வை எழுதிவிட்டு வழக்குப் போடலாமா?

அந்த வரிசை தப்பு. 2021 நீட் தேர்வில் ஒரு மாணவிக்குத் தர வேண்டிய கூடுதல் நேரத்தை மறுத்தார்கள். தவறு நடந்தது என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது, ஆனாலும் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. அதனால் தேர்வுக்கு முன்பே, முத்திரை போட்ட நகலை இணைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள், அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதினால் ஃபைல் கொஞ்சம் நகரும்.

அதற்கும் மேல் தேர்வன்று வாசலில் மறுத்தால் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள், வராதவர் என்று பதிவாகிவிடும். மறுத்ததற்கான காரணத்தை முதன்மைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரவில்லை என்றால் அங்கிருந்தே நீங்கள் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.