கடன் வாங்கி ஒரு பட்டமா, உதவித்தொகையோடு ஓர் அழைப்பா?

குமுளியில் மாதம் இருமுறை கல்வி ஆலோசனை சொல்ல நான் அமரும் அறைக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமை, கேரளத்தின் இடுக்கி மலையிலுள்ள வண்டன்மேட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தந்தை ஏலக்காய் வியாபாரி; புற்றடி ஏலத்துக்கும் போடி ஏலத்துக்கும் மாறி மாறிப் போய்வருபவர். கூட வந்திருந்த தாய்மாமன் கையில் ஒரு வெளிநாட்டுக் கல்வி முகவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாள் இருந்தது. இங்கிலாந்தில் ஓராண்டு மேலாண்மை முதுகலைப் படிப்புக்குக் கட்டணம், வாடகை, விசா எல்லாம் சேர்த்து 32 லட்சம் ரூபாய் என்று அதில் போட்டிருந்தது. மகளோ பொருளாதாரத்தில் முதுகலை முடித்து, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து இரண்டாம் ஆண்டில் இருப்பவர். தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் நாள்தோறும் ஜீப்பில் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்களின் உழைப்பைப் பற்றித்தான் அவருடைய ஆய்வு.

"பெண்களைப் பற்றிப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்பது தந்தையின் கவலை. படிப்பு கூடக் கூட வரன் குறையும் என்பது தாயின் கவலை. முதல் பத்து நிமிடம் நானும் எல்லோரையும் போல ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 32 லட்சத்துக்குப் பூர்வீக ஏலத்தோட்டத்தில் ஒன்றரை ஏக்கரை வங்கியில் அடமானம் வைக்கப் போவதாக மாமா சொன்னார். நில அடமானம் என்ற சொல் வந்த பிறகு ஆறுதல் பேசுவது என் வேலையன்று. அங்கே சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

ஐயா, அந்த ஓராண்டுப் பட்டம் உங்கள் மகளுக்கு வேண்டாம். வேலை அனுபவம் இல்லாத ஒருவர் அப்படிப்பட்ட மேலாண்மைப் பட்டத்தோடு வேலை தேடும்போது, அதே பட்டத்தோடு அதே ஆண்டு வெளிவரும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவராகத்தான் நிற்பார். இங்கிலாந்தில் படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேட இதுவரை தந்துவந்த இரண்டு ஆண்டு அனுமதியையும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகக் குறைப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்துவிட்டது. அந்தப் பதினெட்டு மாதத்தில் வேலை அமையாவிட்டால் வட்டி மட்டும் இங்கே ஓடிக்கொண்டிருக்கும். காய் விலை ஏறிய ஆண்டை மனத்தில் வைத்துக் கடன் வாங்குகிறவர்கள் அது இறங்கிய ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள் என்பதை நான் ஓர் ஏலக்காய் வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றரை ஆண்டாக அந்தப் பெண் உழைத்த ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் படிப்பை அவர் கேட்கவும் இல்லை. அறையில் இருந்த நேரம் முழுவதும் அவர் ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டார். ஜீப்பில் போகும் பெண்கள் எந்த மாநிலத்தின் கணக்கில் வருகிறார்கள் என்று நான் கேட்டபோது.

அந்தக் கேள்வியின் எடையை வீட்டில் யாரும் உணரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்துப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 92 விழுக்காடு. ஆனால் வேலையில் இருப்போராகப் பதிவானவர்கள் 18 விழுக்காடுதான். படித்தும் உழைப்புச் சந்தைக்கு வெளியே நிற்கும் இந்தப் புதிரை உலகெங்கும் உள்ள வளர்ச்சி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பேசிவருகிறார்கள். மாநில எல்லையிலுள்ள கம்பமெட்டு வழியாகக் காலையில் ஏறி மாலையில் இறங்கும் பெண்களோ, குடியிருக்கும் ஊரை வைத்து எண்ணப்படுவதால், தமிழ்நாட்டுக் கணக்கில் அடங்கிவிடுகிறார்கள். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஜீப்பில் வந்துபோகும் தாயின் குழந்தை அந்தக் காப்பகத்துக்கு எப்படி வரும்? 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டுத் தெருவில் அமர்ந்தபோதுதான் பலருக்கும் இந்த மலையில் இப்படிப்பட்ட கேள்விகள் இருப்பதே தெரிந்தது. தமிழும் மலையாளமும் ஒருசேரப் பேசி, தோட்டத்துக்குள்ளும் ஏல அறைக்குள்ளும் போய்வரக்கூடிய ஆய்வாளர்கள் மிகக் குறைவு. உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

இனி, யாரும் உங்களுக்குச் சொல்லாத வழிக்கு வருகிறேன். பி.எட்., குரூப் தேர்வு, வங்கித் தேர்வு ஆகியவற்றைச் சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். முனைவர் பட்டத்துக்கு இங்கே பதிவு செய்திருப்பவர் சில மாதங்கள் வேறொரு பல்கலைக்கழகத்தில் வருகைதரு ஆய்வாளராக இருந்து, அங்குள்ள நூலகத்தையும் பேராசிரியரின் வழிகாட்டுதலையும் பயன்படுத்தித் தன் ஆய்வின் ஒரு பகுதியை எழுதிவிட்டுத் திரும்புவதற்கு உதவித்தொகைகள் உண்டு. அது தனிப் பட்டம் தராது, பட்டம் இங்கேதான். அதனால்தான் முகவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களுக்குத் தரகு வரும் இடம் அதில் கிடையாது.

இவற்றுள் உங்கள் மகளுக்கு மிகவும் பொருந்துவது ஃபுல்பிரைட்-நேரு முனைவர் பட்ட ஆய்வு உதவித்தொகை. இந்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு முதல் ஒன்பது மாதம் தங்கி ஆய்வு செய்வதற்கானது இது. மாதாந்திரப் படி, போய்வர விமானச் செலவு, உடல்நலக் காப்பு ஆகியவற்றை உதவித்தொகை தருபவர்களே ஏற்கிறார்கள். விண்ணப்பிக்கும் காலம், புறப்படுவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே முடிந்துவிடும். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே போயாக வேண்டும் என்பதால் இரண்டாம் ஆண்டுதான் சரியான காலம். 'முதலில் கல்யாணம், பிறகு பார்க்கலாம்' என்றால் இந்தக் கதவு மூடிவிடும். திரும்பி வராமல் போய்விடுவாளோ என்று தாய் கேட்டார். இந்த உதவித்தொகையில் போகிறவர்களின் விசா விதியே அதற்குப் பதில் சொல்கிறது: முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தால்தான் அங்கே குடியேற்ற விசாவோ வழக்கமான வேலை விசாவோ கேட்க முடியும்.

தேர்வுக் குழுவுக்கு முன் எடுபடுவது ஏன் அங்கே போக வேண்டும் என்பதற்கான காரணம். நூலகம் பெரிது என்று எழுதினால் போதாது. மெக்சிக்காலி நகரிலிருந்து விடியற்காலையில் எல்லை கடந்து கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் போய் மாலையில் திரும்பும் மெக்சிகோ தொழிலாளர்களைப் பற்றி அங்கே நீண்ட கால ஆய்வு மரபு இருக்கிறது. அது நாட்டின் எல்லை, நம்முடையது மாநில எல்லை. ஆயினும் குடியிருப்பு ஓரிடத்திலும் உழைப்பு ஓரிடத்திலும் இருக்கும்போது பெண்ணின் பேறுகாலம், குழந்தை, கூலி ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தில் இதில் உழைத்த பேராசிரியர் ஒருவரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, இந்த ஒப்பீட்டை இரண்டு பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்பட்டும். நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பும் வழக்கம் நம் மாணவர்களிடம் இருக்கிறது. அதைப் பெறுகிறவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். மூன்று பேருக்கு மூன்று தனிக் கடிதங்கள் போதும். ஆறு மாதத்தில் எந்த அத்தியாயத்தை எழுதி முடிப்பார், களத்தரவு கையில் எவ்வளவு இருக்கிறது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் தொடங்கி, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில், செங்கல் சூளையிலும் மீன் சந்தையிலும் உழைத்த பெண்களை ஆய்வாளர் லீலா குலாத்தி அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆராயத் தொடங்கிவிட்டார். அந்த நூலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு வந்தால் மகளின் கடிதம் வேறு மாதிரி இருக்கும். பேருந்துச் செலவும் விடுதிச் செலவும்தான். அதைத் தந்தை தயங்காமல் கொடுக்கலாம்.

செலவு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். உதவித்தொகை இல்லாத வெறும் அழைப்புக் கடிதத்தை நம்பிப் புறப்படக் கூடாது. பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வருகைதரு மாணவர்களிடமிருந்து தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. என்னிடம் வந்த மாணவி ஒருவர் அதைக் கேட்டுக்கொள்ளாமல் இசைந்துவிட்டுப் பிறகு நகையை விற்றுக் கட்டினார். அழைப்பை ஏற்கும் முன் அப்படி ஒரு கட்டணம் உண்டா என்று கேட்கும்படி அவருக்குச் சொல்லாமல் விட்டது என் தவறும்கூட. இன்னொன்று: இந்த உதவித்தொகை நிச்சயமன்று, நல்ல விண்ணப்பங்களும் தவறிப்போகும். ஆகவே யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதியை இதே ஆண்டில் முயல வேண்டும். 2023 ஜனவரி முதல் அதன் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வும் உண்டு. 'இன்னும் சம்பாதிக்கவில்லை' என்று சொல்லும் உறவினர்களுக்கு அந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை விஷயத்தில் நான் ஆலோசகன் அல்லன். தான் எடுத்த ஆய்வை முடிக்க விடாதவர் வேண்டாம் என்று உங்கள் மகள் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

இப்போதே தொடங்க வேண்டிய சின்ன வேலை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்துத்தான் தலைப்பெழுத்தாக இருக்கிறது. பாஸ்போர்ட்டிலோ உங்கள் முழுப்பெயர் இருக்கிறது. பல்கலைக்கழகப் பதிவில் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்துவிட்டது. மூன்றும் ஒருவர்தான் என்று விசா அதிகாரியிடம் நிறுவுவது, ஆய்வுத் திட்டம் எழுதுவதைவிட அதிக நாள் எடுக்கும். எது சரியான பெயர் என்று வீட்டில் முடிவு செய்துகொண்டு, திருத்த விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.