மனச்சோர்வு, மனப்பதற்றம், மனச்சிதைவு: இந்தச் சொற்களுக்கு உண்மையில் என்ன பொருள்?

மனச்சோர்விலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் வந்த சொல் அதுதான்.

பாலக்கோடு பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். சில வருடங்களுக்கு முன்னால் சித்தி காய் பறிக்க வருவதை நிறுத்திவிட்டார். விலை விழுந்த கவலை என்று நினைத்தோம். விலை ஏறியது, சித்தி எழுந்திருக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து, கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். களியும் கருவாட்டுக் குழம்பும் என்றால் அவருக்கு உயிர். அதையே தட்டில் வைத்தாலும் களியைக் கிள்ளிக் கிள்ளி ஓரமாக வைப்பார், வாய்க்குப் போகாது. காத்து கருப்பு பட்டிருக்கும் என்று பாட்டி வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனார். சோம்பேறித்தனம் என்றார் ஒரு மாமா.

அப்புறம்தான் தர்மபுரியில் மனநல மருத்துவரிடம் போனோம். அங்கேயும் சித்தி கவலை என்ற சொல்லையே எடுக்கவில்லை. "உடம்பு வலி, தலை பாரம், தூக்கம் இல்ல" என்றார். எங்கள் பக்கம் மனசு வலித்தாலும் உடம்பைச் சொல்லித்தான் சொல்வார்கள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார்: "முன்னாடி எதைச் செஞ்சா சந்தோஷமா இருக்கும்? இப்பவும் இருக்கா? எத்தனை நாளா இப்படி?" சித்தி விரல்விட்டு எண்ணிவிட்டு, "பொங்கலுக்கு முன்னாடியே" என்றார். அப்போது வைகாசி பிறந்திருந்தது.

மனச்சோர்வு, அதாவது டிப்ரெஷன், எது என்பது அந்தக் கேள்விகளிலேயே இருக்கிறது. குறைந்தது 2 வாரம், அநேகமாக எல்லா நாளும், மனம் கனத்துக் கிடக்கும், அல்லது எதிலும் நாட்டம் இருக்காது. கூடவே தூக்கமும் பசியும் கெடும், நாம் யாருக்கும் பயனில்லை என்று தோன்றும், சிலருக்குச் சாவு நினைப்பும் வரும். மாட்ச் தோற்றதற்கு வருவது வருத்தம்தான். இன்னொன்று, மாத்திரை பலன் தர 2 முதல் 4 வாரம்கூட ஆகும். ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு, கேட்கவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மனப்பதற்றம் வேறு. இன்னும் நடக்காத ஒன்றை நினைத்து, அன்றாட வேலை கெடும் அளவுக்கு விடாமல் பயப்படுவது அது. அதன் உக்கிரமான வடிவம் பேனிக் அட்டாக். சேலம் போன என் நண்பருக்குத் தொப்பூர் கணவாயில் பேருந்திலேயே நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு அடைத்தது. ஹார்ட் அட்டாக் என்றே நம்பினார். ஈசிஜி சரியாக இருந்தது. பேனிக் அட்டாக் பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணிந்துவிடும். ஆனால் முதல்முறை அப்படி வந்தால் இதயத்தைப் பரிசோதித்த பிறகே பேனிக் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கப்புறம் அவர் அந்தச் சாலையில் போகவே பயந்தார். அப்படித் தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும்.

ஓசிடி என்பது சுத்தபத்தமாக இருப்பது இல்லை. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அதை அடக்க, தேவையில்லை என்று தெரிந்தும் பூட்டிய கதவை இருபது தடவை இழுத்துப் பார்ப்பார்கள்.

மனச்சிதைவைத்தான் மிகவும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். அதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-இல் சொன்னவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜென் பிளாய்லர். கிரேக்கத்தில் பிளவு, மனம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தார். அதனால் ஒரே உடம்பில் இரண்டு ஆள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று அசையாமல் நம்புவது, பேச்சு கோவையில்லாமல் போவது, இவைதான் அதன் முக்கிய அறிகுறிகள். ஜப்பானில் 'மனம் பிளந்த நோய்' என்ற பழைய பெயர் நோயாளிகளைக் காயப்படுத்துகிறது என்று 2002-இல் பெயரையே மாற்றினார்கள். தமிழிலும் 'சிதைவு' இல்லாத ஒரு சொல் வர வேண்டும் என்பது என் ஆசை.

யாரைப் பார்ப்பது? மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். பலருக்கு இரண்டுமே தேவைப்படும்.

வீட்டில் யாராவது செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று சொன்னால், அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.