டைவிங் கியருக்கு சக்கரம் வச்ச டூல் பாக்ஸ் சரிவருமா?

ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்தை மூச்சுக்குத் தர்ற கருவி), பிசிடி (மிதக்கிறதுக்கு காத்து அடைக்கிற ஜாக்கெட்), ஃபின்ஸ் (கால்ல மாட்டுற துடுப்பு) எல்லாத்தையும் ஒரே டூல் பாக்ஸ்ல போட்டு இழுத்துட்டுப் போகலாமான்னு கேட்டிருந்தீங்க ப்ரோ, தாராளமா போகலாம், நான் அப்படித்தான் வச்சிருக்கேன், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஃபின்ஸை கடைக்கே எடுத்துட்டுப் போய் உள்ள குறுக்குவாட்டுல வச்சுப் பாருங்க, நிறைய பாக்ஸ்ல நீளமான ஃபின்ஸ் உள்ள போகவே போகாது.

முங்குறதுக்குக் கட்டிக்கிற ஈய வெயிட்டை அடியில சக்கரத்துப் பக்கம் வைங்க, ரெகுலேட்டர் மேல, ஹோஸ் மடங்காம பெரிய வட்டமா சுத்தி. சிலிண்டரை இதுக்குள்ள திணிக்காதீங்க, சாதாரண அலுமினியம் சிலிண்டரே காலியா இருக்கும்போது 14 கிலோ கிட்ட வரும், கைப்பிடி தாங்காது. மாஸ்க்கை அதோட டப்பாவிலயே போடுங்க, கறுப்பு ரப்பர் மேல பட்டுக்கிட்டே இருந்தா தெளிவான சிலிகான்ல கறை ஏறிடும்.

ரொம்ப முக்கியம் ஈரம். மூடியில ரப்பர் பட்டை இருக்கிற பாக்ஸ் வெளித்தண்ணிய உள்ள விடாது, அதே மாதிரி உள்ள இருக்கிற ஈரத்தையும் வெளிய விடாது, ஈர வெட்சூட்டோட (உடம்பை ஒட்டிப் போடுற டைவிங் உடை) ரெண்டு நாள் மூடி வச்சா நாத்தம் குடலைப் புடுங்கும், பூஞ்சையும் புடிக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் நல்ல தண்ணில அலசி நிழல்ல காயப்போடுங்க, பாக்ஸையும் கழுவுங்க, சக்கரத்து அச்சும் கொக்கியும் இரும்பா இருந்தா உப்பு அரிச்சுடும். வெட்சூட்டை மடிச்சு மாசக்கணக்குல உள்ள வைக்காதீங்க, மடிப்பு விழுந்த இடம் அப்படியே நசுங்கிடும், அகலமான ஹேங்கர்ல தொங்கவிடுங்க.

ஃப்ளைட்டுக்கு மட்டும் இது வேணாம், காலி பாக்ஸோட எடையே லக்கேஜ் லிமிட்ல பெரிய பங்கைத் தின்னுடும்.