மழைநோட்டு வாத்தியார் பதில்கள்

"புயல் கடலோரத்துக்கு, வெள்ளம் சென்னைக்கு. நம்ம கொங்கு நாட்டுக்கு எதுக்குங்க பேரிடர் விஞ்ஞானம்?" என்று ஈரோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் போன இதழில் போட்ட பிறகு வந்து குவிந்த கடிதங்களே அவருக்குப் பதில். சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கோபி பக்கம் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். 1993இல் இருந்து தினமும் காலை எட்டரைக்கு மழை அளந்து நோட்டில் எழுதுகிறேன். இந்தப் பகுதிக்கு இப்படிப் பெயர் வந்தது அதனால்தான்.

கேள்வி: ஏனுங்க வாத்தியாரே, மே மாசம் ஒரே ராத்திரிச் சூறைக்காத்துல 850 நேந்திரன் சாஞ்சுருச்சு. தார் முத்தறதுக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. அதிகாரிங்க பார்க்க வர ஒன்பது நாள் ஆச்சு. அதுக்குள்ள நான் வெட்டி ஒதுக்கிட்டேன். "சேதம் ஒண்ணும் காணமே"ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. மேல இருந்து சேட்டிலைட்டு எல்லாத்தையும் பார்க்குதுங்கறாங்களே, இதைப் பார்க்கலையா? (வாழை விவசாயி, புன்செய்ப் புளியம்பட்டி)

பதில்: சேட்டிலைட் அந்தப் பக்கம் போயிருக்கும் தம்பி, ஆனால் உங்கள் வாழை அதன் கண்ணில் பட்டிருக்காது. சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகம் குறுக்கே வந்தால் ஒன்றும் தெரியாது. ராடார் அலை அனுப்பும் செயற்கைக்கோள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறையினர் அதை வைத்துத்தான் நெல் நட்ட பரப்பையும் தண்ணீர் தேங்கிய வயலையும் கணக்கெடுக்கிறார்கள். டெல்டாவில் கண்ணுக்கெட்டின மட்டும் ஒரே நெல், அங்கே அது எடுபடும். நம் பக்கம் ஒரு ஏக்கர் வாழை, ஒட்டினாற்போல் அரை ஏக்கர் மஞ்சள், வரப்பில் தென்னை. பத்து இருபது மீட்டரை ஒரு புள்ளியாகப் பார்க்கிற கண்ணுக்கு 850 மரம் நின்றாலும் ஒன்றுதான், படுத்தாலும் ஒன்றுதான். இந்த வேலைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனே மேல்.

அடுத்த தடவை அரிவாளை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். இடமும் நேரமும் படத்தின் அடியிலேயே பதிகிற கேமரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது. தோட்டத்தின் நாலு மூலையில் இருந்தும் எடுக்கணும். கிணறோ கரண்ட் கம்பமோ ஏதாவது ஒன்று படத்தில் விழட்டும். அப்புறம் வரிசை வரிசையாக நடந்து, சாய்ந்த மரத்தை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஒரு வீடியோ. நின்ற மரத்தையும் எண்ணணும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிவாரணத்துக்குக் குறைந்தது 33 சதவீதச் சேதம் காட்டணும். மொத்தம் தெரியாமல் சதவீதம் எங்கிருந்து வரும்? அன்றைக்கே மணியகாரருக்கும் (விஏஓவை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்) தோட்டக்கலை அலுவலருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காகிதத்திலும் ஒரு மனு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கும் முந்தின வேலை ஒன்று உண்டு. அதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு சித்திரையில் என் கதளித் தோட்டம் மொத்தமும் படுத்துவிட்டது. அலுவலகத்தில் அடங்கலை (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) புரட்டினால், அந்தப் புல எண்ணில் முந்தின வருடத்து மஞ்சளே நிற்கிறது. "மஞ்சள் காத்துக்குச் சாயுங்களா வாத்தியாரே?" என்று கேட்டார் எழுத்தர். நியாயமான கேள்வி. பத்துப் பைசா வரவில்லை. கன்று நட்ட மாதமே அடங்கலில் வாழை ஏறிவிட்டதா என்று பார்த்து நகல் எடுத்து வையுங்கள்.

வந்தால் எவ்வளவு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆசை காட்டக் கூடாது. 2022இல் வந்த மத்திய நெறிமுறைப்படி பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு 7,000க்குக் கொஞ்சம் கீழே. முட்டுக் கொடுத்த மூங்கிலுக்கே பத்தாது. பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, வயலில் வெள்ளம் தேங்குவது மாதிரித் தனி வயல் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். வெறும் காற்று அந்த வரிசையில் இல்லை. ஆகவே பணம் கட்டும்போதே, எந்தச் சேதத்துக்கு எந்தக் கணக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: "கோவை மாவட்டத்துக்கு ரெட் அலர்ட்"னு செய்தி வருது. இங்க வெயில் மண்டையப் பொளக்குது. ரெண்டு தடவை துணி காயப் போடாம ஏமாந்தாச்சு. இனி எதுக்கு நம்பணும்? (இல்லத்தரசி, சூலூர்)

பதில்: உங்களை ஏமாற்றியது மாவட்ட எல்லை, அம்மிணி. வால்பாறையும் கோவை மாவட்டம்தான், சூலூரும் கோவை மாவட்டம்தான். வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. மாவட்டத்தில் எங்காவது ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் என்று பட்டால் சிவப்பு காட்டுவார்கள். அந்த "எங்காவது" பெரும்பாலும் மலைதான். மலைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் தெரிய ஒரு கணக்கு: 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. கோவைக்கு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் சராசரி 70 செ.மீ. வராது.

இன்னும் நுணுக்கமாக, "சூலூருக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில்" என்று சொல்ல ரேடார் வேண்டும். சென்னை ரேடார் இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல், காரைக்கால் 300க்கு மேல். பூமி உருண்டை, ரேடார் அலையோ கிட்டத்தட்ட நேராகப் போவது. 300 கிலோமீட்டர் தாண்டி நம் தலைக்கு மேல் வரும்போது அது ஏழெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மேகத்தின் தலைப்பாகை தெரியும், மடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கொச்சி பக்கம்தான், ஆனால் நடுவே ஆனைமலை மறைக்கிறது. ஏற்காட்டில் ஒன்று வைக்க மாநில அரசு முடிவு செய்தது. அப்படி ஒன்று சுற்ற ஆரம்பித்தால் நம் பாடு தேவலை.

அதுவரை என் வழி இது. ஆனி, ஆடியில் சிவப்பு என்றால் மலைக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஆரஞ்சு என்றாலே எனக்கு. 2011 நவம்பரில் திருப்பூரில் ஒரு ராத்திரி மழைக்குப் பள்ளங்கள் ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது ஞாபகம் இருக்கும். இன்னொன்று, நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. அங்கே கொட்டினால் உங்கள் ஊர் வெயிலிலேயே ஆற்றில் தண்ணீர் வரும். துணியைக் காயப் போடுங்கள், ஆற்றுக்குள் மாட்டை ஓட்டாதீர்கள்.

கேள்வி: பஞ்சாங்கத்துல இந்த வருஷம் மூணு மரக்கால் மழைன்னு போட்டிருக்குதே? (அவிநாசி)

பதில்: யார் வீட்டுப் பொடக்காணியில் மரக்காலை வைத்து அளப்பது என்று போடவில்லையே.

கேள்வி: "பில்லூரில் 20,000 கன அடி திறப்பு"ன்னு வாட்ஸ்அப்ல வந்தா பாதிப்பேர் ஓடுறாங்க, பாதிப்பேர் செல்ஃபி எடுக்கப் போறாங்க. 20,000 கன அடின்னா எவ்வளவுங்க? (டீக்கடைக்காரர், மேட்டுப்பாளையம்)

பதில்: ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 20,000 கன அடி என்றால் வினாடிக்கு 5,66,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியைக் கண்ணுக்கு முன் வையுங்கள். ஒவ்வொரு வினாடியும் 47 லாரி உங்கள் கடையைத் தாண்டிப் போகிறது. செல்ஃபிக்காரர்களிடம் லாரிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

பில்லூர் 100 அடி அணை. 97 அடி வந்ததும் திறந்துவிடுவார்கள். அதற்கு வயிறு சின்னது, மேலே இருந்து வருவதை அப்படியே விட்டாகணும். கீழே பவானிசாகருக்கு வயிறு பெரிது, 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). அதே 20,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தாலும் 1.7 டிஎம்சிதான். 105 அடி அணையில் அக்டோபர் முடிய 102 அடியோடு நிறுத்திக்கொள்வதும், மேலே அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கத்தான். "மூணு அடி தண்ணியை வீணாக்குறாங்க" என்று எங்கள் தடப்பள்ளி வாய்க்கால் ஆட்கள் வருடா வருடம் சண்டை பிடிப்பார்கள். நானும் பிடித்திருக்கிறேன். கொடிவேரியில் தண்ணீர் மேலேறி வருவதை ஒரு தடவை பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

திறப்பது எப்போதும் தெரிந்தே நடக்காது. 2022 செப்டம்பர் 21 அதிகாலை பரம்பிக்குளம் அணையில் ஒரு ஷட்டர் அதுவாகவே பிய்த்துக்கொண்டது. அதுவும் இதே அளவு, ஏறக்குறைய 20,000 கன அடி. ஆற்றோரத்தில் தூங்குகிறவருக்கு நடு ராத்திரியில் வாட்ஸ்அப் உதவாது, சைரன் உதவும். செல் டவரில் இருந்து நெட் இல்லாமலேயே எல்லா போனையும் ஒரே நேரத்தில் அலறவிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார்களே, அது வந்த அன்றைக்கு உங்கள் கடையில் பாதிப்பேர் போனைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அந்த எச்சரிக்கையை அமைப்பில் போய் அணைத்து வைக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் போனையே அணைத்துவிட்டுப் படுக்கும் வயசாளிகள் வீட்டுக் கதவைத் தட்டுவது யார் என்று தெருவுக்கு ஒருவரைப் பேசி வையுங்கள். டீக்கடைதான் அதற்குச் சரியான இடம்.

கேள்வி: சார், நானும் மழை அளக்கணும். கருவி எவ்வளவு? (எட்டாம் வகுப்பு மாணவி, வெள்ளகோவில்)

பதில்: ஒரு ரூபாய் வேண்டாம் கண்ணு. நேராக நிற்கும் ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலின் தோள்பட்டையை அறுத்து, அதையே தலைகீழாகப் புனல் மாதிரிச் செருகு. அடிப்பாகம் வளைந்திருக்கும், கூழாங்கல் போட்டு, பக்கவாட்டு நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே கோடு போடு. அது பூஜ்யம். அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டு. சுவர், மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல் ரெண்டு மடங்கு தள்ளி வை. காலை எட்டரைக்குப் பார்த்து எழுதிவிட்டு, பழையபடி கோட்டுக்குக் கொண்டுவந்துவிடு. இந்தியா முழுக்க அதுதான் நேரம். 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர், ஏக்கருக்கு 4,047 லிட்டர். பெய்யாத நாளில் 0 என்று எழுதணும், வெறுமனே விடக் கூடாது. உங்கள் தாத்தா "ஒரு உழவு மழை" என்பார், அன்றைக்கு எத்தனை மி.மீ. என்று பக்கத்தில் எழுதிக்கொள். வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் காளையின் ஒரு கொம்பு நனைந்து மறு கொம்பு காய்கிற மழை. தாலுகா ஆபீஸ் மழைமானி சொல்வது உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: எங்க வீட்டுக்குப் பின்னால பக்கத்து லேஅவுட்காரர் 15 அடிக்குக் கருங்கல் சுவர் கட்டி, அந்தப் பக்கம் மண் கொட்டி மேடாக்கிட்டார். மழை வந்தா தூக்கம் வரமாட்டேங்குது. (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: தூக்கம் வராததே நல்லது அம்மா. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் சரிந்து தூக்கத்திலேயே இறந்தவர்கள் 17 பேர். எட்டாம் வகுப்புக் கணக்குதான் இது: சுவருக்குப் பின்னால் 15 அடிக்குத் தண்ணீர் ஊறி நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 10 டன் தள்ளும். தண்ணீர் மட்டும் அவ்வளவு, மண் தள்ளுவது தனி. சுவரில் வரிசையாக வீப் ஹோல், அதாவது தண்ணீர் வடிய ஓட்டைகள், இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் மழையில் அவற்றில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் அடைபட்டிருக்கிறது. நூல்குண்டு கட்டித் தொங்கவிட்டு, சுவருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை மாதம் ஒரு தடவை அளந்து எழுதுங்கள், போட்டோவோடு. "பயமாக இருக்கிறது" என்ற மனுவுக்கும் "ஆறு மாதத்தில் 2 செ.மீ. சாய்ந்திருக்கிறது" என்ற மனுவுக்கும் மரியாதை வேறு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமே கொடுங்கள். இந்த ஐப்பசியில் பின்னறையில் யாரும் படுக்க வேண்டாம். விரிசல் விட்டால் 1077க்கு, அதாவது மாவட்டப் பேரிடர் உதவி எண்ணுக்கு, போன் போடுங்கள்.

கேள்வி: கோயமுத்தூருக்கு நிலநடுக்கம் வருமா? (பொறியியல் மாணவர், பீளமேடு)

பதில்: வந்திருக்கிறது. 1900 பிப்ரவரி 8, ரிக்டரில் ஏறக்குறைய 6. அன்றைக்கு ஊரில் ஓட்டு வீடு. இன்றைக்குத் தூண்மேல் நிற்கும் கார் பார்க்கிங், அதற்கு மேல் அஞ்சு மாடி. நீங்கள் பொறியியல் மாணவர், மிச்சத்தை நீங்கள்தான் எனக்குச் சொல்லணும்.

கேள்வி: மலைச்சரிவு வருமுன்னு முன்கூட்டியே சொல்ல முடியுங்களா? (தேயிலை விவசாயி, கோத்தகிரி)

பதில்: "இந்தத் தாலுகாவில் ஆபத்து அதிகம்" என்று சொல்ல முடியும், "உங்கள் வீட்டுக்கு மேல் உள்ள சரிவு" என்று சொல்ல முடியாது. எத்தனை நாளில் எத்தனை மி.மீ. பெய்தால் மண் நழுவுகிறது என்ற பழைய கணக்கை வைத்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நீலகிரிக்கும் டார்ஜிலிங்குக்கும்தான் முதலில் சோதனை அறிக்கை கொடுக்க ஆரம்பித்தது. 2009 நவம்பரில் 40 பேருக்கு மேல் பறிகொடுத்த மலை உங்களுடையது, காரணம் புரியும். கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் 2024 ஜூலை 19 அன்று தொடங்கியது. பதினோராம் நாள் வயநாட்டில் முண்டக்கை நிலச்சரிவு. அறிவிப்பு வருமென்று மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்தாவிட்டாலோ, தேயிலை வரிசைக்குக் குறுக்கே புது வெடிப்பு கண்டாலோ, ராத்திரியானாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். மழை விட்ட பிறகும் ரெண்டு நாள் திரும்பாதீர்கள். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

கேள்வி: உங்க மழை நோட்டைப் பார்க்க வரலாமுங்களா? (அந்தியூர்)

பதில்: தாராளமாக வாங்க. 2004 நோட்டு மட்டும் கரையான் தின்றதில் பாதிதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டரைக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள், அளந்த பிறகுதான் வீட்டில் காபி.