பொஸ்ரன் தேயிலையும் கயர்த்த ஜின்னும்

கேள்வி: பொஸ்ரன் தேநீர்க் கலகத்தை நினைவூட்டும் ஒரு ஜின் கொக்ரெயில் செய்ய, அரைப் போத்தல் ஜின்னில் இரண்டு மேசைக்கரண்டி இலங்கைத் தேயிலைத் தூளை இரவு முழுக்க ஊறவிட்டேன். வாயில் வைக்க முடியாத கயர். தேயிலை பிழையா, ஜின் பிழையா?
– வாசகர், கொக்குவில்

பதில்: இரண்டும் பிழையில்லை. நேரம் பிழை, சரித்திரமும் பிழை. பிரித்தானியாவின் தேயிலை வரியை எதிர்த்து அமெரிக்கக் குடியேறிகள் 1773 டிசெம்பர் 16 இரவு பொஸ்ரன் கடலில் கொட்டிய 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. இலங்கையில் வர்த்தகத் தேயிலைச் செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் டெய்லர், கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். பொஸ்ரன் பேர்தான் வேண்டுமென்றால் சீனக் கறுப்புத் தேயிலை வாங்குங்கள். எனக்கென்றால் நுவரெலியாத் தேயிலைதான் விருப்பம். ஜின்னின் மணத்தை அது அமுக்காது.

மணமும் நிறமும் ஜின்னில் முதல் அரை மணித்தியாலத்திலேயே நன்றாக இறங்கிவிடும். பிறகு இறங்குவது பெரும்பாலும் கயர்தான், தூளென்றால் இன்னும் கெதியாக. 375 மில்லிலீற்றருக்குப் பெரிய இலைத் தேயிலை 8 கிராம் போதும். எங்கள் வெக்கைக்கு 45 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். இருபதாம் நிமிடத்திலிருந்து அடிக்கடி ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பாருங்கள். நாக்கின் ஓரம் இழுக்கத் தொடங்கினால் உடனே வடியுங்கள். துணியைப் பிழியவே கூடாது.

அந்த ஜின் 45 மில்லிலீற்றர், தேசிப்புளி 20, சரிபாதித் தண்ணியில் கரைத்த சீனிப்பாணி 20. ஐஸ் போட்டு 12 செக்கன் பலமாகக் குலுக்கி வடியுங்கள். புளி பட்டதும் செம்பு நிறம் வெளிறும். பழுதில்லை, பிளேன்ரீக்குத் தேசிக்காய் பிழிந்தாலும் அப்படித்தான்.

கயர்த்த ஜின்னை ஊற்றிவிடாதீர்கள். காய்ச்சி ஆறவிட்ட பசுப்பால் 125 மில்லிலீற்றரைக் கிண்ணத்தில் எடுத்து, அதற்குள் ஜின்னை விடுங்கள். மாறி, ஜின்னுக்குள் பாலை விட்டால் பால் உடனே திரைந்து, கயரைப் பிடிக்க முன்னமே கட்டியாகிவிடும். பிறகு இரண்டு தேக்கரண்டி தேசிப்புளி விட்டு மெல்லக் கிளறுங்கள். திரையும் பாற்புரதம் கயரை இழுத்துக்கொண்டு அடியில் படியும். பால் விட்ட தேத்தண்ணி கயர்க்காததும் இதனால்தான். பொஸ்ரன்காரரான ஜேம்ஸ் போடினுக்கு 1763இல் பெஞ்சமின் பிராங்ளின் எழுதி அனுப்பிய பால் பஞ்ச் என்ற மதுபானமும் இப்படிப் பாலைத் தேசிப்புளியில் திரையவிட்டு வடிப்பதுதான், பிராந்தியில். நீங்கள் தேடிய பொஸ்ரன் பேர் இதற்குப் பொருந்தும். ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கோப்பி வடிதாளில் வடித்து, ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.